துப்பும் துப்பாக்கியும்: திண்டுக்கல் சமவெளியின் படைக்கல வரலாறு

திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தில் ‘துப்பாக்கி’ என்றொரு சொல் வருகின்றது. உண்பார்க்கு உணவை ஆக்கித் தருதல் என்பது அங்கு அதன் பொருள். பட்டிமன்ற மேடைகளில் நகைச்சுவைக்காக எடுத்துக்காட்டப்படும் அச்சொல்லுக்கும் வெடிமருந்தால் இயங்கும் படைக்கலத்தின் பெயருக்கும் பிறப்பு வழியில் எவ்வித உறவும் இல்லை. பின்னது ‘துஃபெக்’ என்னும் துருக்கியச் சொல்லின் வழிவந்தது. முன்னது மழையைப் பற்றியது. பின்னது போரைப் பற்றியது.

எனினும் திண்டுக்கல் வட்டாரத்து உழவனின் வாழ்க்கையில் இவ்விரண்டு பொருள்களும் அருகருகே நின்றிருக்கின்றன. தெற்கே சிறுமலை, மேற்கே பழனிமலைத் தொடர், வடகிழக்கே கரந்தமலையும் கடவூர்க் குன்றுகளும். இவற்றுக்கிடையே பரந்து கிடக்கும் மானாவாரி நிலங்களில் விளைந்ததை வீடு கொண்டுவந்து சேர்ப்பதற்குள் இரண்டு இடர்களைக் கடக்க வேண்டியிருந்தது. ஒன்று, மலையிலிருந்து இறங்கும் விலங்கு. மற்றொன்று, இரவில் வரும் மனிதன். இவ்விரண்டையும் எதிர்கொள்ள ஒரு குடும்பத்துக்கு எத்தனை துப்பாக்கி வேண்டும், எவ்வகைத் துப்பாக்கி வேண்டும் என்னும் கேள்வி இம்மண்ணில் பல தலைமுறைகளாக இருந்துவந்துள்ளது. அக்கேள்விக்கு விடை சொன்னவர்கள் யார் என்று பார்ப்பதே இவ்வட்டாரத்தின் படைக்கல வரலாற்றைப் பார்ப்பதாகும்.

பாளையத்துப் படைக்கொட்டில்

தென்னிந்தியப் போர்க்களங்களில் கைத்துப்பாக்கிக் குழலின் ஓசை பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கேட்கத் தொடங்கிவிட்டது. 1520ஆம் ஆண்டு இராய்ச்சூர் முற்றுகையில் கிருஷ்ணதேவராயருக்குத் துணையாகப் போர்ச்சுக்கீசியத் துப்பாக்கி வீரர்கள் நின்றதை வரலாறு பதிவு செய்துள்ளது. அதே நூற்றாண்டில் மதுரையில் நாயக்கர் ஆட்சி நிலைபெற்றது. விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாக வகுத்தனர் என்பது வழிவழிச் செய்தி. திண்டுக்கல் சீமையில் விருப்பாட்சி, ஆயக்குடி, இடையகோட்டை, கன்னிவாடி, நிலக்கோட்டை, அம்மையநாயக்கனூர், எரியோடு முதலிய பாளையங்கள் அமைந்தன.

பாளையக்காரரின் சேவகர் ஆண்டு முழுவதும் கொட்டடியில் தங்கிய கூலிப்படையினர் அல்லர். நிலம் பெற்று உழுது, அழைப்பு வந்தபோது படைக்கலம் ஏந்திய குடிகள். ஆதலால் அவர்கள் கையிலிருந்த கருவி போருக்கும் வேட்டைக்கும் காவலுக்கும் ஒருங்கே பயன்பட்டது. ஈட்டியும் வாளும் வளரியும் எப்போதும் கூட இருந்தன. துப்பாக்கி அவற்றோடு வந்து சேர்ந்த புதிய உறவு. எரியும் திரியைக் கொண்டு மருந்தைப் பற்றவைக்கும் நீண்ட குழல் துப்பாக்கியே நெடுங்காலம் வழக்கிலிருந்தது. உள்ளூர்க் கொல்லரால் செப்பனிடத்தக்கது என்பதும் எளிய உறுப்புகள் உடையது என்பதும் அதன் நலன்கள். மழையில் திரி அணைந்துவிடும் என்பதும், இரவில் திரியின் ஒளியும் நாற்றமும் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பதும் அதன் குறைகள். இவற்றுடன், தாங்கு கட்டையின்மீது வைத்துச் சுடும் கனத்த நீள்குழல்களும் கோட்டைகளில் இருந்தன. அவை வேட்டைக்கு உதவா. மதிலைக் காக்கவே உதவும்.

இத்தேர்வில் ஓர் ஒழுங்கு தெரிகின்றது. ஊரில் கிடைக்கும் மருந்து, ஊர்க் கொல்லனின் உலை, ஊரார் அறிந்த நிலம் ஆகிய மூன்றுக்கும் பொருந்திய கருவியே நிலைத்தது. பெருஞ்செலவில் வாங்கிய பீரங்கியைவிட, தெரிந்த புதரிலிருந்து சுடும் ஒரு துப்பாக்கி பாளையக்காரருக்குப் பயன்மிக்கதாக இருந்தது.

இதற்கு நேர்மாறான வழியில் சென்றவர் ஹைதர் அலி. 1755ஆம் ஆண்டு மைசூர் அரசின் சார்பில் திண்டுக்கல்லின் பவுஜ்தாராக வந்த அவர், பாளையங்களைத் திறை செலுத்தவைத்ததோடு நில்லாமல், பிரெஞ்சு வல்லுநர்களின் துணைகொண்டு பீரங்கிப் படையையும் படைக்கலச் சாலையையும் அமைத்தார். பின்னாளில் ஆங்கிலேயரை அஞ்சவைத்த மைசூர்ப் பெரும்படையின் தொடக்கப் பயிற்சிகளில் ஒரு பகுதி திண்டுக்கல் மலைக்கோட்டையின் நிழலில் நடந்தது என்பதை இவ்வூரார் நினைவிற் கொள்ளத் தகும். 1772ஆம் ஆண்டு காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதரை இழந்த வேலுநாச்சியார், விருப்பாட்சியில் தங்கி ஹைதரின் உதவியை வேண்டியதும் இச்சூழலில்தான். 1780ஆம் ஆண்டு அவர் சிவகங்கையை மீட்டபோது அவ்வுதவி அவருக்குத் துணை நின்றது.

1801: படைக்கலம் பறிபோன ஆண்டு

திண்டுக்கல் சீமை 1790ஆம் ஆண்டுப் போரில் ஆங்கிலக் கும்பினியார் கைக்கு வந்தது. 1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் அதனை முறைப்படி விட்டுக்கொடுத்தார். வரி வசூலே கும்பினியாரின் முதற் குறிக்கோள். வரி கேட்கச் செல்பவனுக்கு எதிரே துப்பாக்கி ஏந்திய குடி நிற்பதை அவர்கள் விரும்பவில்லை.

1799 அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதை அடுத்து, திருநெல்வேலிச் சீமையில் பாளையக் கோட்டைகளை இடிக்கவும் படைக்கலங்களை ஒப்படைக்கவும் மேஜர் பானர்மன் ஆணையிட்டான். ஆணையால் அமைதி பிறக்கவில்லை. விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் திண்டுக்கல் வட்டாரத்துப் பாளையக்காரர் பலரை ஓரணியில் திரட்டினார். மருது சகோதரருடனும் கொங்கு நாட்டுத் தலைவர்களுடனும் மைசூரில் போராடிய தூந்தாஜி வாக்குடனும் தொடர்பு கொண்டார். 1800 ஜூன் மாதம் கோவையில் இருந்த கும்பினிப் படையைத் தாக்கும் திட்டம் முறிந்து போயிற்று, பிடிபட்டவர்கள் தூக்கிலிடப்பட்டனர். 1801ஆம் ஆண்டு கோபால நாயக்கரும் பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டார். அவர் பெயரோடு இணைத்து நினைக்கப்படும் கோபாலசமுத்திரம் திண்டுக்கல் நகரின் நடுவே உள்ளது. அவ்வாண்டு மே மாதம் பாஞ்சாலங்குறிச்சி இரண்டாம் முறை வீழ்ந்தது. அக்டோபர் 24ஆம் நாள் மருது சகோதரர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர்.

எல்லாம் முடிந்தபின், 1801 டிசம்பர் முதல் நாள், சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஒரு விளம்பரம் வெளியிட்டார். பாளையக்காரரும் அவர்தம் குடிகளும் துப்பாக்கியும் ஈட்டியும் உள்ளிட்ட படைக்கலங்களை வைத்திருத்தல் தடைசெய்யப்பட்டது. மீறுவோர்க்கு மரண தண்டனை அறிவிக்கப்பட்டது. அதற்கு ஈடாக, சரணடைந்தோர்க்கு மன்னிப்பும், நிலையான நிலவரியும், கும்பினி ஆட்சியின் பாதுகாப்பும் வாக்களிக்கப்பட்டன.

இவ்விளம்பரத்தை அடக்குமுறை என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது. அது ஒரு பண்டமாற்று. ‘உன் கையில் இருப்பதை எங்களிடம் கொடு, உன்னைக் காக்கும் பொறுப்பை நாங்கள் ஏற்கின்றோம்’ என்பதே அதன் உட்பொருள். கொடுக்க வேண்டியதைக் குடிகள் கொடுத்தனர். பெற வேண்டியதைப் பெற்றனரா என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் தொடர்ந்த வினாவாயிற்று.

காவலும் பண்டும்

பாளையங்கள் இருந்த காலத்தில் ஊர்க்காவல் ஒரு தொழில். அதற்குக் கூலியும் உண்டு. களவு போனால் காவல்காரர் பொருளை மீட்டுத் தரவேண்டும். இயலாவிடில் ஈடு கொடுக்கவேண்டும். 1816ஆம் ஆண்டுச் சட்டவிதி அப்பொறுப்பை ஊர்த் தலைவர், தலையாரி, தாசில்தார் என்னும் அரசு வரிசையில் வைத்தது. 1859ஆம் ஆண்டுச் சட்டம் சீருடையணிந்த காவல்துறையை உருவாக்கியது. எனினும் நாட்டுப்புறத்தில் அரசுக் காவல் நிலையம் தொலைவில் இருந்தது. பழைய காவல்முறையோ வாசலிலேயே இருந்தது. ஆகவே சட்டத்தில் மறைந்த காவல், வழக்கத்தில் தொடர்ந்தது. காவற்கூலி கொடுப்பவர் அதனைச் சுமையாகக் கருதினர். வாங்குபவர்க்கோ அது வழிவழி உரிமையாகவும் பிழைப்பாகவும் இருந்தது.

1896ஆம் ஆண்டு திண்டுக்கல் வட்டத்தில் இப்பிணக்கு வெடித்தது. பல ஊர்களில் குடியானவர்கள் ஒன்றுகூடிக் காவல்காரரை விலக்கினர். தத்தம் பங்குக்குப் பணம் போட்டு ஒரு பொதுநிதி திரட்டி, களவு போன மாட்டுக்கு அந்நிதியிலிருந்து ஈடு கொடுக்க ஏற்பாடு செய்தனர். ஆங்கிலச் சொல்லின் திரிபாக அந்நிதி ‘பண்டு’ எனப்பட்டது. இயக்கத்துக்கும் அதுவே பெயராயிற்று. 1906ஆம் ஆண்டு வெளிவந்த பிரான்சிஸின் மதுரை மாவட்ட விவரத் தொகுதி இதனை விரிவாகக் கூறுகின்றது. துப்பாக்கி இல்லாத குடிகள் கணக்குப் புத்தகத்தையும் பொதுப்பெட்டியையும் கொண்டு தம்மைக் காத்துக்கொள்ள முயன்ற முயற்சி என்னும் அளவில் பண்டு வியக்கத்தக்கது. ஆனால் அது அவ்வளவில் நிற்கவில்லை. வீடுகள் எரிந்தன, குடும்பங்கள் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டன, அண்டை வீட்டார் பகைவராயினர். வாக்களித்த பாதுகாப்பை அரசு தராத இடத்தில் எளியவர் எளியவரோடு மோதிக்கொண்டனர். அதன் பின்வந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கொடுமையைத் தென்தமிழ்நாடு நன்கறியும்.

மலையில் துரையும் சமவெளியில் உழவனும்

இதே காலத்தில் துப்பாக்கி முற்றாக மறைந்துவிடவில்லை, கை மாறியது. 1860ஆம் ஆண்டும், அதனைவிடக் கடுமையாக 1878ஆம் ஆண்டும் வந்த படைக்கலச் சட்டங்கள் உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருப்பதைக் குற்றமாக்கின. ஐரோப்பியர்க்கு அவ்வுரிமம் தேவைப்படவில்லை. 1887 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரசின் மூன்றாம் மாநாடு இச்சட்டத்தைத் திருத்தக் கோரித் தீர்மானம் இயற்றியது. விதிகளிலிருந்து இனவேறுபாடு நீங்கியதோ முதல் உலகப் போருக்குப் பின்னர்தான்.

கோடைக்கானலுக்கும் பழனிமலைக்கும் வேட்டைக்கு வந்த துரைமார்களின் துப்பாக்கி வரிசை வேறு வகையானது. காட்டெருமைக்கும் யானைக்கும் பெருங்குழல் ரைபிள், கடமானுக்கும் வரையாட்டுக்கும் இலேசான ரைபிள், பறவைக்கு இரட்டைக்குழல் ரவைத் துப்பாக்கி என விலங்குக்கு ஒரு கருவி அவர்களிடம் இருந்தது; அவற்றைச் சுமக்க ஆட்களும் இருந்தனர். 1860களில் பழனிமலையை ஆராய்ந்து ஓவியமாகவும் தீட்டிய டக்ளஸ் ஹாமில்டன் ஒரு தேர்ந்த வேட்டையாடி. அவருடைய தென்னிந்திய வேட்டைக் குறிப்புகள் 1892ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தன. அத்தகையோரின் வேட்டை பசிக்காக நடந்ததன்று, பொழுதுபோக்குக்காக நடந்தது.

1882ஆம் ஆண்டுச் சென்னை வனச்சட்டம் காடுகளைக் காப்புக் காடுகளாக வரையறுத்து, அவற்றுள் வேட்டையையும் கண்ணி வைப்பதையும் விதிகளுக்குள் அடக்கியது. மலையடிவாரத்து மக்களின் பசி வேட்டை ஒரே நாளில் களவாயிற்று; விருந்தினர் மாளிகையின் வேட்டை விளையாட்டாகத் தொடர்ந்தது. விலங்குகளைக் காக்க வேண்டும் என்னும் எண்ணம் நல்லதே. ஆனால் அது வந்து சேர்ந்த வழி, காட்டின்மீது மக்களுக்கு இருந்த உறவை அறுத்துக்கொண்டு வந்தது.

அண்டை நாடான குடகோடு ஒப்பிட்டால் இது மேலும் தெளிவாகும். 1834ஆம் ஆண்டு ஆங்கிலேயர் கைக்கொண்ட குடகில், கொடவர்கள் துப்பாக்கி வைத்திருக்க விதிவிலக்குப் பெற்றனர். கைல்போத் என்னும் விழாவில் அவர்கள் படைக்கலங்களை மலர்சூட்டி வழிபடுகின்றனர். அவ்விலக்கினை நடுவண் அரசு 2029ஆம் ஆண்டு வரை நீட்டித்துள்ளது. கொடவரும் உழவர், விருப்பாட்சிக் குடிகளும் உழவர். இருவருடைய நிலத்திலும் காட்டுப்பன்றி இறங்கியது. வேறுபாடு தேவையில் இல்லை. ஆட்சியாளர் எவரை நம்பினர், எவரை அஞ்சினர் என்பதில் இருந்தது.

ஒரு துப்பாக்கியின் கணக்கு

விடுதலை பெற்ற இந்தியா 1959ஆம் ஆண்டு புதிய படைக்கலச் சட்டம் இயற்றியது. 1962 அக்டோபர் முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதன் 13ஆம் பிரிவு உழவர்கள் கவனிக்கத் தக்கது. பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ 20 அங்குலத்துக்குக் குறையாத குழலுடைய, உட்புறம் வழுவழுப்பான ரவைத் துப்பாக்கியும், பயிர்க் காவலுக்கு முன்வாயில் மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியும் கேட்கும் குடிமகனுக்கு உரிமம் வழங்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி போதாது என அதிகாரி கருதினால் வேறு ரவைத் துப்பாக்கியும் தரலாம். 1801ஆம் ஆண்டு விளம்பரம் மரண தண்டனை விதித்த ஒரு பொருளை, 158 ஆண்டுகளுக்குப் பின் வந்த சட்டம் பயிரின் பொருட்டு ஏற்றுக்கொண்டது.

இச்சட்டம் காட்டிய கருவிகளைச் சமவெளியின் தேவையோடு ஒப்பிட்டுப் பார்த்தால், குறைந்த எண்ணிக்கையில் நிறைந்த பயன் தரும் தேர்வு எது என்பது விளங்கும்.

முதலாவது, மருந்து கெட்டிக்கும் ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி. ஒரு முறை சுட்டபின் மறுமுறை கெட்டிக்கக் காலம் பிடிக்கும். ஈரக்காற்றில் மருந்து நமுத்துப்போகும். சினங்கொண்டு திரும்பிவரும் பன்றியின் முன் அது நம்பத்தக்கதன்று. ஆயினும் விலை குறைவு. தோட்டாவுக்காக நகரக் கடையை எதிர்பார்க்க வேண்டுவதில்லை. பரண்மேல் இருந்து சுட்டால் ஓசையே பாதி வேலையைச் செய்துவிடும். உழவன் வேண்டுவது விலங்கின் சாவு அன்று. அது வேறு திசையில் போதல்.

இரண்டாவது, தோட்டா போட்டுச் சுடும் பன்னிரண்டு போர் துப்பாக்கி. ஒரு ராத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால் ஓர் உருண்டையின் குறுக்களவு எதுவோ அதுவே இக்குழலின் அளவு, ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். இதன் சிறப்பு குழலில் இல்லை, தோட்டாவில் உள்ளது. சிறு ரவை நிரப்பிய தோட்டா கவுதாரிக்கும் முயலுக்கும். பெரு ரவையோ ஒற்றைக் குண்டோ கொண்டது பெரிய விலங்குக்கு. துரைமார்கள் மூன்று துப்பாக்கிகளில் செய்ததை ஒரு துப்பாக்கி மூன்று தோட்டாக்களில் செய்தது. இரட்டைக்குழலாயின் இரண்டாம் வெடி உடனே கைவசம் இருக்கும். வேட்டைக்கும் வீட்டுக் காவலுக்கும் ஒன்றே போதும் என்று கருதியவர்கள் இதனையே நாடியதில் வியப்பில்லை.

மூன்றாவது, உட்குழலில் சுரிவரி வெட்டிய ரைபிள். தொலைவும் துல்லியமும் அதன் பெருமை. சமவெளியில் அப்பெருமையே இடராகும். ரவை சில நூறு மீட்டருக்குள் வீழ்ந்துவிடும்; ரைபிள் குண்டு ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் செல்லவல்லது. ஊரும் தோட்டத்து வீடுகளும் ஆட்டுப்பட்டியும் நெருங்கிக் கிடக்கும் நிலத்தில் குறி தவறிய குண்டுக்கு யார் பொறுப்பு? அரசுகளும் ரைபிளை எப்போதும் ஐயத்துடனேயே நோக்கின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில அரசு, இராணுவக் குண்டுகளுக்கு ஒத்த அளவுடைய ரைபிள்களைப் பொதுமக்களுக்கு விலக்கியது. களவுபோன இராணுவக் குண்டு வெளித் துப்பாக்கியில் பொருந்தக்கூடாது என்பதே காரணம். இசாப்பூர்த் தொழிற்சாலையில் 0.315 என்னும் தனி அளவில் வேட்டை ரைபிள் செய்யப்பட்டது அதன் விளைவு. ஒரு கருவியின் அளவைக் காட்டு விலங்கு முடிவு செய்யவில்லை. கலகம் பற்றிய அச்சம் முடிவு செய்தது.

சுருங்கிய பட்டியல்

அதன்பின் வந்த சட்டங்கள் பட்டியலை மேலும் சுருக்கின. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் விளையாட்டு வேட்டையை அடியோடு மூடியது. 1983ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் மூன்று துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கலாகாது என்றது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை இரண்டாகக் குறைத்தது. தேர்தல் அறிவிப்பு வந்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கமாயிற்று. வாக்காளனாக இருக்கும் நாளில் துப்பாக்கிக்காரனாக இருத்தல் கூடாது என்பது மக்களாட்சி கண்ட முறை.

விலங்குகளின் பக்கத்திலும் நியாயம் உண்டு. காடு சுருங்கியது, வழித்தடங்கள் மறிக்கப்பட்டன. கோடைக்கானல் மலைப்பகுதி 2013ஆம் ஆண்டு வனவுயிர்ச் சரணாலயமாயிற்று. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 எக்டேர் பரப்பில் கடவூர்த் தேவாங்குச் சரணாலயம் 2022ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. தேவாங்குக்கென நாட்டில் அமைந்த முதற் சரணாலயம் அது. ஒரு காலத்தில் எவரும் பொருட்படுத்தாத சிற்றுயிருக்கு இம்மண் இடம் ஒதுக்கியது பெருமைக்குரியது.

ஆனால் மக்காச்சோளக் கொல்லையில் இரவெல்லாம் விழித்திருப்பவனின் துயரும் பொய்யன்று. பயிரை அழிக்கும் விலங்கைக் கொல்ல அனுமதி தரும் அதிகாரம் சட்டத்தில் உள்ளது. 2025 ஜனவரியில் தமிழக அரசு, காப்புக் காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரழிக்கும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினர் சுடுவதற்கான நடைமுறையை அறிவித்தது. இங்கும் சுடுபவர் அரசு ஊழியரே. உழவர் முறையிடுபவர் மட்டுமே.

முறையான வழி அடைபட்ட இடத்தில் முறைகேடான வழி திறந்துகொள்கின்றது. உரிமமற்ற நாட்டுத் துப்பாக்கி, பழத்துக்குள் வெடிமருந்து வைக்கும் அவுட்டுக்காய், வேலியில் திருட்டு மின்சாரம் ஆகிய மூன்றும் மலையடிவாரங்களில் ஆண்டுதோறும் உயிர் குடிக்கின்றன. அவை பன்றியையும் யானையையும் மனிதனையும் வேறுபடுத்துவதில்லை. உரிமம் பெற்ற துப்பாக்கிக்கு ஒரு பெயரும் ஒரு பொறுப்பாளரும் உண்டு. மின்வேலிக்கு எவரும் பொறுப்பேற்பதில்லை. குறைந்த துப்பாக்கி என்பது குறைந்த சாவு என்றே பொருள்படும் என்று கொள்வதற்கு இம்மூன்றும் இடம் தரவில்லை.

தற்சார்பின் மற்றொரு விடை

தற்காப்பையும் தற்சார்பையும் பற்றி இச்சமவெளி மற்றொரு விடையும் கண்டுள்ளது. திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையே, 1947ஆம் ஆண்டு, டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி. இராமச்சந்திரனும் காந்திகிராமத்தை நிறுவினர். நூற்பு, நெசவு, மருத்துவம், கல்வி ஆகியவற்றால் சிற்றூர் தன்காலில் நிற்கவேண்டும் என்பது அதன் நோக்கம். அங்கே இராமச்சந்திரன் மாணவர்களைக் கொண்டு சாந்தி சேனையை உருவாக்கினார். படைக்கலம் இல்லாமல் பூசல்களுக்கு நடுவே நிற்கப் பயிலும் படை அது. ஹைதர் பீரங்கிப் படை அமைத்த அதே சீமையில், ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின், படைக்கலம் அற்ற படை ஒன்று எழுந்தது.

நகரத்திலோ இரும்பு வேறு உருவம் கொண்டது. திண்டுக்கல் பூட்டு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. ஒரு பூட்டின் சாவி மற்றொன்றுக்குச் சேராதவாறு கையாலேயே நெம்புகோல்களை அமைக்கும் அவ்வினைத்திறன், உலையும் அரமும் தெரிந்த கைகளின் திறன். பூட்டு எவரையும் கொல்வதில்லை. ஆனால் அது களஞ்சியத்துக்குப் பயன்படும். திறந்த கொல்லைக்குப் பயன்படாது. ஆகவே பூட்டையும் சாந்தி சேனையையும் போற்றும் எவரும், கொல்லைக்காரனின் கேள்வியைத் தீர்ந்ததாகக் கருதிவிட முடியாது.

இவ்வரலாற்றில் துப்பாக்கியின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. அதற்காக வருந்த வேண்டுவதில்லை. பல துப்பாக்கிகள் இருந்த காலம் அமைதியான காலமும் அன்று. வருந்தத்தக்கது வேறொன்று. எது தேவை என்னும் முடிவு எந்தக் காலத்திலும் உழவனைக் கேட்டு எடுக்கப்படவில்லை. பாளையக்காரர் போருக்காகக் கொடுத்தார். கும்பினியார் அச்சத்தால் பறித்தனர். துரைமார் விளையாட்டுக்காக வைத்துக்கொண்டனர். 1959ஆம் ஆண்டுச் சட்டம் மட்டும் ஒரு வரியில் பயிரை நினைத்தது. 1801ஆம் ஆண்டு நடந்த பண்டமாற்றில் அரசு ஏற்ற பொறுப்பு, ஆட்சிகள் மாறியும் அரசின் கணக்கிலேயே நிற்கின்றது. படைக்கலத்தைக் குறைத்த கை, இழந்த விளைச்சலுக்கு உரிய ஈட்டைக் காலம் தாழ்த்தாமல் தரவேண்டும். காட்டுக்கும் கொல்லைக்கும் இடையே வேலியும் அகழியும் அமைத்துத் தரவேண்டும். அது நிறைவேறும் ஊரில், பரண்மேல் சாய்த்து வைத்த ஒற்றைக்குழல் துருப்பிடித்தாலும் எவரும் கவலைப்பட மாட்டார்.